சும்மா தட்டில் பதினோரு ஓட்டைகள்

"மாமா! நிறுத்துங்க! வண்டிய நிறுத்துங்க!"

நீளமான நடைபாதை. அதன் கோடியில் இரும்புக் கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் ஆள் உயர நீராவி எந்திரம் ஒன்று 'புஸ்... புஸ்...' என்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. எந்திரத்தை நோக்கி ஒரு தள்ளுவண்டி போனது. தள்ளுவண்டியை நோக்கிக் கொசு ஓடினாள்.

கொசு என்பது வீட்டில் வைத்த பெயர் அல்ல. ஆள் சின்ன உருவம். ஆனால் எதையாவது கேட்டுக்கொண்டு காதருகே ரீங்காரம் போடுவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். வயது பதினொன்று.

தள்ளுவண்டிக்காரர் நின்றார். "என்னம்மா, தீப்பிடிச்ச மாதிரி ஓடி வர்றே? அஞ்சு நிமிஷம் போனா எல்லாத்தையும் ராட்சசக் குக்கர்ல போட்டு மூடிடுவேன். அப்புறம் கிருமி ஒண்ணு மிஞ்சாது."

"அதுக்குத்தான் மாமா ஓடி வந்தேன்! சும்மா தட்டு உள்ள இருக்கு. எனக்கு அது வேணும்."

"சும்மா எதுக்கு வேணும்?"

"சும்மா இல்ல மாமா, சும்மா தட்டு!"

அவர் தலையைச் சொறிந்தார். கொசு கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு குவியலைக் கிளறினாள். எல்லாம் உள்ளங்கை அகலத்தில், மூடி போட்ட வட்டமான பிளாஸ்டிக் தட்டுகள். ஏழாவதாக அது கிடைத்தது. எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தாள்.

பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது.

ஒன்று, இரண்டு, மூன்று... எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

பதினோரு ஓட்டைகள்.

ஒரே ஓர் ஓட்டைகூட வரக்கூடாத தட்டு அது!

விஷயம் இதுதான். அந்தக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பத்து நாள் விடுமுறை முகாம் நடந்தது. மொத்தம் எட்டுப் பேர். ஆளுக்கு ஒரு பிடி மண் கொண்டுவர வேண்டும். மண்ணில் கோடிக்கணக்கில் பாக்டீரியாக்கள் இருக்கும். அந்தப் பாக்டீரியாவுக்கும் எதிரி உண்டு. அதற்குள் புகுந்து, குட்டி போட்டுப் பெருகி, கடைசியில் அதை வெடிக்க வைத்துவிட்டு வெளியே வரும் வைரஸ். அதற்கு 'ஃபேஜ்' என்று பெயர். மனிதர்களை அது திரும்பிக்கூடப் பார்க்காது.

அதைப் பிடிப்பதும் வேடிக்கைதான். சோதனைக் குழாயில் கரைசலை ஊற்றி, மண்ணைப் போட்டுக் குலுக்க வேண்டும். மண்ணும் பாக்டீரியாவும் நுழைய முடியாத மிகச் சன்னமான வடிகட்டியில் வடிக்க வேண்டும். வைரஸ் மட்டும் தப்பித்து வெளியே வரும். வடித்த நீரை, யாருக்கும் நோய் தராத ஒரு பாக்டீரியாவோடும் ஜெல்லியோடும் கலந்து தட்டில் ஊற்றினால் முடிந்தது. மறுநாள் தட்டு முழுக்கப் பாக்டீரியா பனிமூட்டம் போலப் படர்ந்திருக்கும். வைரஸ் இருந்தால் மட்டும் அந்தப் பனிமூட்டத்தில் ஓட்டை ஓட்டையாக விழும்.

வியாழக்கிழமை ஊற்றினார்கள். இன்று வெள்ளிக்கிழமை காலை திறந்து பார்த்தார்கள். மண் போட்ட தட்டுகள் ஏழு. ஆறில் ஓட்டை.

ஏழாவது கொசுவின் தட்டு. அதில் ஒன்றும் இல்லை.

'ஊசி முனை அளவுக்காவது ஒண்ணு இருக்காதா?' என்று அவள் அரை மணி நேரம் கண்ணை இடுக்கிப் பார்த்தாள். அப்புறம்தான் அந்த யோசனை வந்தது. ஓட்டையே இல்லாத தட்டு எப்படி இருக்கும் என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடுமே! அதற்கென்றே ஒரு தட்டு உண்டு. கரைசல், வடிகட்டி, பாக்டீரியா, ஜெல்லி எல்லாம் சேர்த்து, மண்ணை மட்டும் சேர்க்காமல் ஊற்றிய தட்டு. பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் சும்மா தட்டு. யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கழிவு வண்டியில் போட்டிருந்தார்கள்.

மண்ணே போடாத தட்டில் பதினோரு வைரஸ் ஓட்டைகள் எங்கிருந்து வந்தன?

கொசு தட்டை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு வந்த வழியே ஓடினாள்.

*

லேப் அக்கா தட்டை வாங்கிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். அவர் அந்தக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்பவர். முகாம் முழுவதும் அவர் பொறுப்பு. எதற்கும் பதறாதவர். இப்போது பதறினார்.

"இது சும்மா தட்டுதானா? நிச்சயமா?"

"மூடி மேல எழுதியிருக்கு பாருங்கக்கா."

எட்டுத் தலைகளும் மேசையைச் சுற்றிக் குவிந்தன.

"பதினொண்ணா?" என்றான் இடி. அவன் ரகசியம் பேசினால்கூட அடுத்த தெருவில் கேட்கும். "என் தட்டுலயே ஒன்பதுதான் வந்திருக்கு. சும்மா இருந்ததுக்குப் பதினொண்ணா? இது என்னக்கா நியாயம்?"

யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் அக்கா சிரிக்கவில்லை.

"எல்லாரும் கேளுங்க. மண்ணே போடாத தட்டுல வைரஸ் வந்திருக்குன்னா, அது வேற எதுலயோ இருக்கு. கரைசல்ல இருக்கலாம். ஜெல்லில இருக்கலாம். அந்தக் கரைசலையும் ஜெல்லியையும் தானே நீங்க எல்லாரும் எடுத்தீங்க? அப்போ உங்க தட்டுல இருக்கற வைரஸ் உங்க மண்ணுல இருந்துதான் வந்ததுன்னு நான் எப்படி நம்பறது?"

இடியின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. முதல் தடவை.

"நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்குப் பெரிய மேடம் பட்டியலை அனுப்பறாங்க" என்று அக்கா தொடர்ந்தார். "அதுக்குள்ள இது எங்கேர்ந்து வந்ததுன்னு தெரியலைன்னா, ஆறு தட்டும் குக்கருக்குப் போயிடும். ஒருத்தர் பேரும் பட்டியல்ல வராது."

பெரிய மேடம்தான் அந்த ஆய்வுக்கூடத்தின் தலைவர். பட்டியல் என்றால் சும்மா இல்லை, உலகத்துக்கே பொதுவான வைரஸ் பட்டியல். புது வைரஸைப் பிடித்தவரே அதற்குப் பெயர் வைக்கலாம். அந்தப் பெயரோடு அது காலத்துக்கும் பட்டியலில் இருக்கும். இடி தன் வைரஸுக்கு நான்கு மாதத் தங்கையின் செல்லப் பெயரை வைப்பதாகக் காலையிலேயே முடிவு செய்திருந்தான். வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லியாகிவிட்டது. அவன் குரலுக்குத் தொலைபேசிகூடத் தேவையில்லை என்பது வேறு விஷயம்.

"அக்கா! அந்தத் தட்டைத் திரும்ப வண்டியில வெச்சுடலாம். யாருக்குத் தெரியப் போகுது?" என்றான் இடி.

"எனக்குத் தெரியுமே" என்றார் அக்கா.

"எனக்கும்தான்" என்றது வாசலில் ஒரு குரல். தள்ளுவண்டிக்காரர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இடி சட்டென்று கொசுவின் பக்கம் திரும்பினான். "எல்லாம் இவளால! உன் தட்டுல ஒண்ணும் வரல. அதான் எங்களுக்கும் வரக்கூடாதுன்னு குப்பையில போன தட்டைத் தேடி எடுத்துட்டு வந்திருக்கே. பொறாமை!"

"நான் ஒண்ணும் பொறாமையில எடுக்கல!"

"பின்ன எதுக்கு எடுத்தே?"

கொசு பதில் சொல்ல வாயெடுத்தாள். என்ன சொல்வது? தன் தட்டில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கத்தான் எடுத்தேன் என்றா? சொன்னால் அதுவும் பொறாமை மாதிரியேதான் இருந்தது. மற்ற ஐந்து பேரும் அவளையே முறைத்தார்கள்.

மேசையின் ஓரத்தில் ஒருத்தி மட்டும் யாரையும் பார்க்காமல் கையுறையின் விரல் நுனியை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். அவள் பெயர் புதுசு. அதாவது, எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஊருக்கே புதிதாக வந்தவள். முகாமிலும் கடைசியாகச் சேர்ந்தவள். மண் கொண்டுவர வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாததால் வெறுங்கையோடு வந்து நின்றாள். அதனால் அக்கா அவளைச் சும்மா தட்டு ஊற்றச் சொல்லியிருந்தார்.

*

வெள்ளிக்கிழமை மதியம் விசாரணை தொடங்கியது. அக்கா சந்தேகப் பட்டியல் போட்டார். கரைசல் புட்டி, ஜெல்லி, வடிகட்டி, சோதனைக் குழாய்.

"ஒவ்வொண்ணையும் தனித்தனியா பாக்டீரியாவோட சேர்த்து ஊத்தி வைப்போம். எந்தத் தட்டுல நாளைக்கு ஓட்டை விழுதோ, அதுதான் குற்றவாளி."

"கரைசல்தான்க்கா" என்றான் இடி. "நான் அப்பவே நெனச்சேன். அந்தப் புட்டியோட மூஞ்சியே சரியில்ல."

நான்கு தட்டுகள். நான்கிலும் மண் கிடையாது. மூடிகள் மேல் எண் எழுதிக் கதகதப்பான பெட்டிக்குள் வைத்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். போகும்போது கொசுவோடு ஒருவரும் பேசவில்லை.

வீட்டில் அண்ணன் ஒரு சொட்டுகூட இரக்கம் காட்டவில்லை.

"என்னடி, மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கே?"

"எல்லாருக்கும் தட்டுல ஓட்டை விழுந்துச்சு. எனக்கு மட்டும் விழல."

அண்ணன் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கித் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தான். "நம்ம வீட்டுல ஓட்டை இல்லாத தட்டுக்குத்தான் மரியாதை. அம்மா, இவளுக்கு நாளையிலேர்ந்து சல்லடையில சாப்பாடு போடுங்க."

அம்மா நகரப் பேருந்து ஓட்டுபவர். காலையிலிருந்து ஹாரன் சத்தம் கேட்டு அலுத்துப்போன காது. "ரெண்டு பேரும் வாயை மூடிட்டுச் சாப்பிடுங்க" என்றார்.

கொசு சாப்பிட்டாள். ஆனால் மனது மட்டும் தட்டைச் சுற்றியே பறந்தது. ஓட்டை இல்லாத தட்டு... ஓட்டை இல்லாத தட்டு...

"அட!" என்று கையைத் தூக்கினாள். தண்ணீர்க் குவளை சாய்ந்தது.

கரைசல் கெட்டிருந்தால் அவள் தட்டிலும் ஓட்டை விழுந்திருக்க வேண்டுமே! ஜெல்லி கெட்டிருந்தாலும் அப்படித்தான். அதே புட்டியிலிருந்துதானே அவளும் ஊற்றினாள்? பிறகு ஏன் அவள் தட்டு மட்டும் சுத்தமாக இருக்கிறது?

விடை கிடைத்த மாதிரியும் இருந்தது. முன்னைவிடக் குழம்பிப்போன மாதிரியும் இருந்தது.

*

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. அக்கா கதகதப்புப் பெட்டியைத் திறந்தார்.

முதல் தட்டு, கரைசல். வழவழவென்று பனிமூட்டம். ஓர் ஓட்டை இல்லை.

இரண்டாவது, ஜெல்லி. ஓட்டை இல்லை.

மூன்றாவது, வடிகட்டி. இல்லை.

நான்காவது, குழாய். அதிலும் இல்லை!

"நாலு பேரும் நல்லவங்களா?" என்றான் இடி. "அப்போ யார்க்கா கெட்டவங்க? பேயா?"

அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கே ஒண்ணும் புரியலடா. எல்லாம் சுத்தம். ஆனா தட்டுல வைரஸ். கூரையைப் பிச்சுக்கிட்டா வந்திருக்கும்?"

எல்லோரும் அண்ணாந்து கூரையைப் பார்த்தார்கள். தள்ளுவண்டிக்காரரும் பார்த்தார்.

"காத்துல வந்திருக்குமாக்கா?" என்றாள் ஒருத்தி.

"பாக்டீரியாவே தானா ஓட்டை போட்டுக்கிச்சோ?" என்றான் இன்னொருவன்.

"மூடிய மாத்தி வெச்சுட்டாங்களோ?" என்றான் மூன்றாமவன்.

ஆளுக்கொன்று சொல்லச் சொல்லக் குழப்பம் கூடிக்கொண்டே போனது. கடிகாரம் மட்டும் குழம்பாமல் பத்து மணி காட்டியது. இன்னும் ஆறு மணி நேரம்.

கொசு ஒரு மூலையில் போய் உட்கார்ந்தாள். எல்லாத் தட்டுகளையும் வரிசையாக வைத்து, பூதக்கண்ணாடியால் பார்த்து, நோட்டில் வரைய ஆரம்பித்தாள். அதுவும் முகாம் வேலைதான். ஒவ்வொரு வைரஸின் ஓட்டையும் எத்தனை அகலம், எப்படிப்பட்ட வடிவம் என்று குறிக்க வேண்டும்.

இடியின் ஓட்டைகள் கடுகு போலச் சின்னவை. அடுத்த தட்டில் பட்டன் அகலத்துக்குப் பளிச்சென்று தெளிந்த ஓட்டைகள். அதற்கடுத்ததில் கலங்கலானவை. இன்னொன்றில் விளிம்பு பிசிறு பிசிறாக இருந்தது. இப்படியே ஆறும் வரைந்து முடித்துக் கடைசியாகச் சும்மா தட்டை எடுத்தாள்.

ஒவ்வோர் ஓட்டையைச் சுற்றியும் மெல்லிய வளையம். நிலாவைச் சுற்றிச் சில நாள் தெரியுமே, அப்படி. பதினோரு ஓட்டைக்கும் பதினோரு வளையம்.

கொசு மற்ற ஆறு தட்டுகளையும் மறுபடி புரட்டினாள். வளையம் போட்ட ஓட்டை ஒன்றுகூட இல்லை. எதிலும் இல்லை!

பென்சில் கையிலிருந்து நழுவியது.

எல்லோருக்கும் பொதுவான பொருளில் இந்த வளைய வைரஸ் இருந்திருந்தால் எல்லாத் தட்டிலும் வந்திருக்கும். வரவில்லை. அப்படியென்றால் அது அந்த ஒரே ஒரு குழாய்க்குள் மட்டும் போயிருக்கிறது. தானாகப் போகுமா? போகாது. யாரோ போட்டிருக்க வேண்டும். அந்தக் குழாய் யார் கையில் இருந்தது?

கொசு மெல்லத் தலையை நிமிர்த்தினாள்.

அறையே குழம்பிக் கிடந்தது. அக்கா தலையில் கை வைத்திருந்தார். இடி பெட்டிக்குள் தலையை விட்டு எதையோ தேடினான். ஐந்து பேர் ஐந்து விதமாகச் சண்டை போட்டார்கள். தள்ளுவண்டிக்காரர் இன்னும் கூரையையே பார்த்தார்.

ஒருத்தி மட்டும் குழம்பவில்லை. எதையும் தேடவில்லை. எதுவும் கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சுவரோரம் நின்றாள்.

புதுசு!

கொசு இப்போதே எழுந்து, 'அக்கா, இவதான்!' என்று ஒரு கத்து கத்தினால் போதும். இடி மன்னிப்புக் கேட்பான். எல்லோரும் அவளைத் தூக்கி வைத்துக் கொண்டாடுவார்கள்.

கொசு எழுந்தாள்.

முதல் நாள் பெரிய மேடம் வந்து சொன்ன விதி ஞாபகம் வந்தது. 'யாராவது சொல்லாம எதையாவது கலந்தா, அன்னிக்கே முகாமை விட்டு வெளியே.' பெரிய மேடம் விளையாட்டுக்குச் சொல்கிறவர் அல்ல.

புதுசு மறுபடியும் கையுறையின் விரல் நுனியை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

கொசு கத்தவில்லை. நேராகப் போய் அவள் கையைப் பிடித்தாள். "வா, தண்ணி குடிச்சுட்டு வருவோம்."

*

நடைபாதையில் குடிநீர்க் குழாயடியில் யாரும் இல்லை. கொசு ஒரு குவளைத் தண்ணீர் பிடித்து நீட்டினாள். புதுசு வாங்கினாள். குடிக்கவில்லை.

"உன்கிட்ட ஒண்ணு சொல்றேன். யார்கிட்டயும் சொல்லக்கூடாது, சிரிக்கவும் கூடாது" என்றாள் கொசு.

புதுசு தலையாட்டினாள்.

"நேத்துக் காலையில என் தட்டுல ஒண்ணுமே இல்லேன்னு தெரிஞ்சதும், பேனா முனையால நானே ஒரு ஓட்டை போட்டுடலாமான்னு யோசிச்சேன். மூடியைக்கூடத் திறந்துட்டேன்."

புதுசு நிமிர்ந்து பார்த்தாள். "நெசமாவா?"

"நெசமா. அப்புறம் பயந்துட்டேன். ஏழு பேர்ல ஆறு பேருக்கு வந்து நமக்கு மட்டும் வரலைன்னா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். மண்ணே இல்லாம நிக்கறது அதைவிட மோசமா இருக்கும், இல்ல?"

அவ்வளவுதான். புதுசுவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. குவளையில் இருந்ததைவிட அதிகம்.

"எல்லாரும் குழாயைத் தூக்கிப் பிடிச்சு, இது என் மண்ணு, இது என் மண்ணுன்னு காட்டினாங்க. என்னுதுல வெறும் தண்ணி. 'சும்மா தட்டுக்குச் சும்மா ஒரு ஆளு'ன்னு அந்த இடி கத்தினான். எல்லாரும் சிரிச்சாங்க."

கொசுவின் முகம் சிவந்தது. அவளும் சிரித்திருந்தாள்.

"அதான்... ஒரு சிட்டிகை மண்ணு போட்டுக் குலுக்கிட்டேன். எல்லாரும் குலுக்கிட்டு இருந்தாங்களா, யாரும் பாக்கல. வடிகட்டினதும் தண்ணி தெளிஞ்சுடுச்சு. ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன். இப்படி ஆகும்னு தெரியாது. நேத்து ராத்திரி சாப்பிடவே இல்ல."

"ஏய், இரு இரு. நீதான் மண்ணு கொண்டு வரலையே? லேப்ல மூணு வேளையும் துடைக்கறாங்க. இங்க மண்ணு ஏது?"

புதுசு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கொசுவை ஒரு மாதிரி பார்த்தாள். "அதை மட்டும் கேக்காதே. சொன்னா நீ கோவிச்சுப்பே."

"நான் எதுக்குக் கோவிச்சுக்கணும்?"

"கோவிச்சுப்பே."

கொசுவுக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு நாளாக எதுதான் புரிந்தது? அதை விட்டுவிட்டாள்.

"சரி, சொல்ல வேண்டாம். ஆனா மண்ணு போட்டதை அக்காகிட்ட நீதான் சொல்லணும். நீ சொல்லலைன்னா இடியோட தங்கச்சி பேரு குக்கருக்குப் போயிடும். பாவம், நாலு மாசக் குழந்தை."

"என்னை வெளியே அனுப்பிட்டா?"

கொசு யோசித்தாள். பொய் சொல்ல மனம் வரவில்லை.

"தெரியல. ஆனா நான் பக்கத்துலயே நிப்பேன்."

புதுசு ஒரே மடக்கில் தண்ணீரைக் குடித்தாள்.

*

புதுசு ஆய்வுக்கூடத்தில் எல்லார் முன்னாலும் சொல்லி முடித்தாள்.

"அப்போ..." என்று இடி மெதுவாக ஆரம்பித்தான். அவன் மூளைக்குள் சக்கரம் சுற்றுவது வெளியே தெரிந்தது. "கரைசல் நல்லது. ஜெல்லி நல்லது. அப்போ என் ஓட்டை, என் மண்ணோட ஓட்டை! என் தங்கச்சி தப்பிச்சுட்டா!" என்று கூவி ஒரு குதி குதித்தான். பாதிக் குதியில் ஏதோ நினைவு வந்து நின்றான். "ஏய் புதுசு... நான் சொன்னதுக்காகவா போட்டே? அந்தச் சும்மா ஆளுன்னு சொன்னது?"

புதுசு தரையைப் பார்த்தாள்.

"நான் அதைச் சும்மாதான்..." என்று தொடங்கி, அந்த வார்த்தையே வாயில் சிக்கிக்கொள்ள, இடி அசடு வழிந்தான். பிறகு தன்னால் முடிந்த அளவு மெதுவாக, "தப்புத்தான்" என்றான். அது கீழ்த்தளம் வரை கேட்டது. கொசுவின் பக்கமும் திரும்பி, "உனக்கும் சேர்த்துதான் சொன்னேன்" என்றான்.

அக்காவின் முகம் இன்னும் இறுகியே இருந்தது. "ஒரு நாள் பூரா எல்லாரையும் அலைய விட்டிருக்கே. தெரியுதா?"

"தெரியுதுக்கா."

"அந்தத் தட்டு இல்லாம மத்த ஏழுக்கும் மதிப்பே கிடையாது. அதனாலதான் உன்கிட்ட குடுத்தேன். மிச்சம் மீதின்னு குடுக்கல." அக்கா பெருமூச்சு விட்டார். "ஆனா அதை அன்னிக்கே நான் சத்தமா சொல்லியிருக்கணும். இந்த இடிக்குக் கேக்கற மாதிரி."

"அக்கா, இப்போ சும்மா தட்டு கெட்டுப்போச்சே. புதுசா ஊத்தினா நாளைக்குத்தானே தெரியும்? நாலு மணிக்குப் பட்டியல் போகணுமே?" என்றாள் ஒருத்தி.

எல்லோர் முகமும் மறுபடி தொங்கியது.

கொசு ஓடிப்போய் காலையில் திறந்த நான்கு தட்டுகளையும் எடுத்து வந்து மேசையில் வைத்தாள். "இதோ இருக்கே அக்கா! அதே கரைசல், அதே ஜெல்லி, அதே வடிகட்டி, அதே குழாய். மண்ணு மட்டும் இல்ல. ஒரு ஓட்டையும் இல்ல. இது நாலும் சும்மா தட்டுதானே?" கொஞ்சம் தயங்கினாள். பிறகு தன் தட்டையும் பக்கத்தில் வைத்தாள். "இதுலயும் ஒண்ணும் வரல. இதையும் சாட்சிக்கு வெச்சுக்கங்க."

அக்கா அவளையே பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார். "கண்ணு முன்னாடி வெச்சுக்கிட்டுக் கூரையைப் பாத்துட்டு இருந்தேனே!"

பெரிய மேடம் இரண்டு மணிக்கு வந்தார். எல்லாவற்றையும் கேட்டார். எல்லாத் தட்டுகளையும் பார்த்தார். புதுசு கொசுவின் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். நகம் பதிந்தது. கொசு கையை எடுக்கவில்லை.

"சொல்லாம கலந்தா வெளியேன்னு சொன்னேன்" என்றார் பெரிய மேடம்.

"சொல்லிட்டாளே மேடம்!" என்றாள் கொசு. வாயை மூடிக்கொள்ளலாமா என்று அப்புறம்தான் தோன்றியது.

"லேட்டா."

"லேட்டாதான் மேடம். அவ எல்லாத்துக்கும் லேட்டு. முகாமுக்கே லேட்டாதான் வந்தா."

பெரிய மேடத்தின் உதட்டோரம் லேசாகத் துடித்தது. சிரிப்பா, கோபமா என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை.

"முகாம் முடியற வரைக்கும் எல்லாரோட குழாயையும் இவதான் கழுவணும்."

"நானும் கழுவறேன்!" என்று இடி கத்தினான். அலமாரியில் இருந்த குழாய்கள் கிணுகிணுத்தன.

"நீ தள்ளி நின்னாலே போதும்" என்றார் பெரிய மேடம். பிறகு வளையம் போட்ட ஓட்டைகளைப் பூதக்கண்ணாடியால் வெகு நேரம் பார்த்தார். "இந்த மாதிரி நம்ம கூடத்துல நான் இதுவரைக்கும் பாத்ததில்ல. மண் போட்ட கதை எப்படியோ இருக்கட்டும், வைரஸ் நெசம்தானே? விண்ணப்பம் எழுது. ஆனா ஒரு கட்டத்தைக்கூடக் காலியா விடக்கூடாது. விட்டா பட்டியல்ல சேராது."

புதுசுவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் காகிதத்தைப் பிடுங்காத குறையாக வாங்கினாள்.

மணி மூன்றரை. ஏழு பேர் ஏழு விண்ணப்பங்களை எழுதிக்கொண்டிருந்தார்கள். கொசுவுக்கு எழுத ஒன்றும் இல்லை. புதுசுவின் பக்கத்தில் உட்கார்ந்து அளவுகோலை நகர்த்திக் கொடுத்தாள்.

வைரஸின் பெயர்: வளையல்.

ஓட்டையின் அகலம்: மூன்று மில்லிமீட்டர்.

வடிவம்: நடுவில் தெளிவு, சுற்றிலும் மெல்லிய வளையம்.

கண்டுபிடித்தவர். இந்தக் கட்டத்தில் புதுசு தன் முழுப்பெயரை எழுதினாள். பிறகு ஒரு காற்புள்ளி வைத்து, பக்கத்தில் இன்னொரு பெயரையும் எழுதினாள். அது கொசுவின் நிஜப் பெயர்!

"ஏய், என்னை எதுக்குடி எழுதறே? என் தட்டுல ஒண்ணுமே வரலையே! நான் என்ன கண்டுபிடிச்சேன்?"

"இரு" என்றாள் புதுசு.

இன்னும் ஒரே ஒரு கட்டம் பாக்கி. மண் எடுத்த இடம்.

புதுசு பேனாவைக் கடித்தாள். கொசுவைப் பார்த்தாள். அப்புறம் இடது கையால் மறைத்துக்கொண்டு கிடுகிடுவென்று எழுதினாள். காகிதத்தைக் கொசுவின் பக்கம் தள்ளிவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள்.

கொசு குனிந்து படித்தாள்.

'மண் எடுத்த இடம்: ஆய்வுக்கூட மேசையின் அடியில். கொசு காலை ஆட்டிக்கொண்டே இருந்தபோது, அவளுடைய இடது ஷூவிலிருந்து விழுந்த கட்டி.'